பூனை படுக்கும் இடம்

ஒரு வீட்டுக்குள் காலை வைத்ததும் நீங்களும் நானும் என்ன கேட்போம்? "சுகமா இருக்கீங்களா?" என்போம். பசியாக இருந்தால் குசினிப் பக்கம் மூக்கைத் திருப்புவோம். நான் வேலை செய்த அலுவலகத்து மிஸ் அப்படியில்லை. குடையை மடித்துக் கதவோரம் சாய்த்துவிட்டு, வீட்டுக்காரரின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் கேட்பார்:

"உங்கட வீட்டில பூனை எங்க படுக்கிறது?"

அவர்கள் முதலில் மிஸ்ஸைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். இந்த அம்மாவுக்கு எத்தனை நாளாக இப்படி என்று கண்ணாலேயே விசாரிப்பார்கள். சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் போகமாட்டார் என்று நானும் கண்ணாலேயே கெஞ்சுவேன்.

பூனைக்கு வீட்டைப் பற்றித் தெரிந்த அளவு வீட்டுக்காரருக்குத் தெரியாது என்பது மிஸ்ஸின் கணக்கு. குளிர்காற்று அடிக்கிற இடத்தில் பூனை படுக்காது. ஈரச் சுவருக்குப் பக்கத்திலும் படுக்காது. அது படுக்கிற இடத்திலிருந்து தொடங்கினால், வீட்டில் சூடு எங்கே தங்குகிறது, எந்த வழியால் ஓடிப்போகிறது என்று பிடித்துவிடலாமாம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுப் பூனை என் வயிற்றின் மேல்தான் படுக்கும் என்று ஒருநாள் சொன்னேன்.

"அதில என்ன புதினம்? வீட்டுச் சாப்பாடு எல்லாம் அங்கதானே போய்ச் சேருது" என்றார்.

சிரிக்காமல் சொன்னார். பகிடியைக்கூட நாலு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார்.

மிஸ்ஸின் பெயரை இங்கே போடப் போவதில்லை. போட்டால், இப்போது எந்தக் குளிர் தேசத்தில் எந்த வீட்டு வாசலில் நின்று பூனையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாலும், அங்கிருந்தே, "போடுறதுக்கு முதல் எழுத்தையெல்லாம் ஒருக்காச் சரிபாத்தனீரோ?" என்று கேட்பார். எனக்கு எழுத்தைச் சரிபார்க்கத் தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனேன். படித்தேன் என்று சொல்லவில்லை, போனேன். அந்தப் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகும். நான் கரும்பலகையைப் பார்க்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எனக்குச் சோறு போட்டது அந்தப் பார்வைதான்.

வளர்ந்து டவுனுக்கு வந்து பாஸ் ஆனேன். கண்டியில் மேசன், தச்சன், கூரைக்காரன் எல்லாரையும் மரியாதையாக 'பாஸ்' என்பார்கள். மூன்று வேலையும் அரைகுறையாகத் தெரிந்த எனக்கு அந்தப் பெயர் மூன்று மடங்கு பொருந்தியது.

அப்போது டவுனில் வெளிநாட்டு உதவியில் நடந்த சின்ன அலுவலகம் ஒன்று இருந்தது. பழைய வீடுகளில் கரண்டையும் விறகையும் மிச்சம் பிடிக்கத் திருத்த வேலை செய்து கொடுப்பார்கள். புகைக்கூடு வைத்த அடுப்பு, பகலில் லைட் போடாமலிருக்கக் கூரையில் கண்ணாடி ஓடு, குளிருக்குச் சீலிங், இப்படி. மழை பொய்த்தால் நாடு முழுக்கக் கரண்ட் வெட்டு. விறகு விற்கிறவன் சீமான் மாதிரி நடந்த காலம். ஆகவே ஆட்கள் அந்த அலுவலகத்து வாசலில் வரிசையில் நின்றார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. மிஸ் முதலில் வந்து வீட்டைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் ஆணி அடிக்கலாம். அந்த 'முதலில்' சில வீடுகளில் காலையில் தொடங்கி மாலைத் தேநீர் வரை நீளும். நான் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தோழன் மாதிரி மூலையில் உட்கார்ந்திருப்பேன்.

மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். எனக்கும் அவ்வளவுதான். ஆனாலும் பக்கத்தில் நின்றால் நான் அவருக்கு மாமன் மாதிரி இருப்பேன். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட நூல்சேலை, ஆம்பிளைகள் கட்டுகிற கைக்கடிகாரம். முன்பு அரசாங்கக் கந்தோரில் கட்டிடப் படம் கீறியவர். தோளில் காக்கிப் பை. அதற்குள் அளவு நாடா, டோர்ச், ஊதுபத்திக் கட்டு, நெருப்புப் பெட்டி, ஒரு பிஸ்கட் பக்கற். பிஸ்கட் எனக்கு. பசித்தால் நான் அதிகமாகக் கேள்வி கேட்பேன் என்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். நான் வாயைத் திறந்தால், "பிஸ்கட் இருக்கு, சாப்பிடும்" என்பார். வாய் மூடிக்கொள்ளும்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு முஸ்லிம் முதலாளியின் வீடு. வெள்ளைக்காரன் காலத்துச் சுவர். உள்ளே போனால் மத்தியானத்திலும் கம்பளி தேடும். யன்னல்களுக்கு மேலே மரத்தில் சல்லடை போட்ட காற்றுத் துவாரங்கள். அதையெல்லாம் பலகையால் அடைத்து, வீடு முழுக்கச் சீலிங் போட வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. மிஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பூனையா? எங்கட வீட்டுல பூனை இல்லையே மிஸ்" என்றார் முதலாளி.

"அப்ப, எந்தக் கதிரைக்கு எல்லாரும் சண்டை பிடிக்கிறியள்?"

முதலாளி இருந்த இருக்கையிலேயே நெளிந்தார். பிறகு திரைக்குப் பின்னாலிருந்து முதலாளியின் மனைவியின் குரல் வந்தது: "அந்தா, அவர் இரிக்கிற கதிரைதான் மிஸ்! ஒருக்கா இருந்தா எழும்பவே மாட்டார். புள்ளைகளையும் இரிக்க விடமாட்டார்!"

முதலாளி எழும்பினார். வெட்கத்தால் எழும்பினாரா, கோபத்தால் எழும்பினாரா தெரியாது. மிஸ் கதிரைக்குப் பின்னாலிருந்த சுவரில், காய்ச்சல்காரனின் நெற்றியில் வைப்பது போலக் கையை வைத்தார். அந்தப் பக்கம் அடுப்பு.

நான் அதற்குள் ஏணியில் ஏறி, ஒரு துவாரத்துக்கு நேரே பலகையைப் பிடித்துவிட்டேன். வாயில் ஆணிகள்.

"பாஸ், இறங்கும்."

"மிஸ், குளிரு இதுலதாங்க வருது" என்றேன், ஆணிகளுக்கு நடுவே.

"வருகுதோ, போகுதோ எண்டு பாத்தனீரோ?"

ஊதுபத்தியைக் கொளுத்தி என் கையில் தந்தார். துவாரத்துக்குக் கிட்டப் பிடித்தேன். புகை உள்ளே வரவில்லை. கயிறு கட்டி இழுத்தது போல வெளியே போனது. குசினிப் புகை, ஆட்களின் மூச்சு, ஈரம் எல்லாம் போகிற வழி அதுதான். குளிர் வந்தது பின்கதவுக்குக் கீழால். நான் அந்தத் துவாரங்களை அடைத்திருந்தால் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் கருவாடு மாதிரி ஆகியிருப்பார்கள்.

"அடைக்கிறது லேசு பாஸ். சரியோ பிழையோ எண்டு உள்ளுக்க அடைபட்ட ஆளைத்தான் கேக்க வேணும்" என்றார்.

என் வாயில் இன்னும் ஆணிகள். எனக்குப் புத்தி சொல்ல அவர் அப்படிப்பட்ட நேரங்களைத்தான் பார்த்து வைத்திருப்பார்.

இந்த ஊதுபத்தியால் எங்களுக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சமல்ல. ஒரு சிங்கள வீட்டில் எல்லா யன்னலையும் சாத்திவிட்டு, மூலை மூலையாகப் புகை காட்டிக்கொண்டு போனோம். வீட்டு ஐயா கைகூப்பிக்கொண்டு பின்னாலேயே வந்தார். கடைசியில் மெதுவாக, "போய்விட்டதா?" என்று சிங்களத்தில் கேட்டார். "இல்லை, இன்னும் குளியலறைப் பக்கத்தாலே வருகுது" என்று மிஸ் சிங்களத்தில் உண்மையைச் சொன்னார். அந்த மனுஷன் பிறகு ஒரு மாதம் பக்கத்து வீட்டில் குளித்ததாகக் கேள்வி.

ஊரிலுள்ள வீடுகளையெல்லாம் இப்படிப் பார்த்த மிஸ், தான் இருந்த அறையை மட்டும் பார்க்கவில்லை. கட்டுக்கலையில் ஒரு கடைக்குப் பின்னால் வாடகை அறை. ஒருமுறை பலகை எடுக்கப் போனேன். கூரையில் ஓடு விலகி வானம் தெரிந்தது. யன்னலில் கண்ணாடிக்குப் பதில் பத்திரிகைத் தாள்.

"ஒரு மணித்தியால வேலை மிஸ். நான் செஞ்சு தர்றேன்" என்றேன்.

"வேண்டாம். இதுக்குள்ள நான் எவ்வளவு காலம் இருப்பனெண்டு ஆருக்குத் தெரியும்."

எண்பத்துமூன்று ஆடி மாதக் கலவரத்தில் அவர் இருந்த வீட்டை எரித்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். டவுனில் எல்லாருக்கும் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசியது அன்றைக்கு மட்டும்தான். அதுவும் பலகையை என் தோளில் ஏற்றிவிட்டபடி, வேறு யாரோ ஒருவரின் வீட்டைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்:

"அந்த வீட்டில காத்தோட்டம் நல்லா இருந்தது பாஸ். அதுதான் கெதியா எரிஞ்சது."

  பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

இனி நாங்கள் பிடிபட்ட கதை.

மலைப்பாதையில் ஓய்வுபெற்ற சிங்கள டீச்சர் ஒருவரின் வீடு. மிகப் பழையது. சீலிங்குக்கும் ஓட்டுக்கும் நடுவே ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவு இடம். அந்த இடத்தில் எங்கெல்லாம் ஓட்டை என்று பார்க்க ஊதுபத்தி பத்தாது என்றார் மிஸ். டீச்சரிடமே சாம்பிராணியும் தணல் சட்டியும் வாங்கினோம். டீச்சர் எங்களை நம்பி வீட்டை விட்டுவிட்டு, பேராதனையில் இருந்த தங்கையைப் பார்க்கப் போய்விட்டார். நான் சட்டியோடு மேலே ஏறித் தகரத் துண்டொன்றின் மேல் அதை வைத்துவிட்டுத் தவழ்ந்தேன். மிஸ் கீழே வீட்டுப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புகை வருகிற இடங்களில் அம்புக்குறி கீறினார்.

"காணாது பாஸ். இன்னும் கொஞ்சம் போடும்."

போட்டேன்.

"இன்னும்."

போட்டேன். எங்களுக்கு ஒன்று மட்டும் தோன்றவில்லை. கீழே வளைவில் சோதனைச் சாவடி இருந்தது. வடக்கில் சண்டை நடந்து, டவுனுக்குள் வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் நிறுத்தி இறக்கி ஏற்றிய காலம். அங்கே நின்ற பொலிஸ்காரர்கள் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். சாத்திக் கிடக்கிற வீடு. நெருப்பு இல்லை. ஒவ்வோர் ஓட்டுக்கு நடுவிலும் புகை. உள்ளே தமிழ்ச் சத்தம்: "இன்னும் போடும்! இன்னும் போடும்!"

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேலே இருந்த எனக்குச் சப்பாத்துச் சத்தம் கேட்டது. "இறங்கு!" என்று சிங்களத்தில் கத்தினார்கள். நானும் இறங்கத்தான் முயன்றேன். பயத்தில் கையை உயர்த்தினால் ஓட்டில் இடித்தது. காலைப் பின்னால் வைத்தேன். பலகை மளுக்கென்றது. என் வலது கால் சீலிங்கைப் பிய்த்துக்கொண்டு, துவக்கோடு நின்ற பொலிஸ் ராலஹாமியின் தலைக்கு நேரே தொங்கியது. இடுப்பில் கட்டியிருந்த சாரம் ஆணியில் மாட்டிக்கொண்டது. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

ராலஹாமி துவக்கை என் பாதத்துக்கு நீட்டினார். அந்த நிமிஷம் மிஸ் கீழிருந்து கேட்டது எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது.

"எந்தப் பலகை பாஸ்? வடக்குப் பக்கமோ?"

இருவரையும் ஜீப்பில் ஏற்றிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்று அடையாள அட்டையில் எழுதியிருக்கிற பெண். கையில் வீட்டுப் படம், படம் நிறைய அம்பு. என் அடையாள அட்டையில் வேறு, நான் ஏற்கெனவே இரண்டு கொலை செய்தவன் மாதிரி இருப்பேன். இன்ஸ்பெக்டர் தூக்கமில்லாத கண்களோடு கழுத்தைத் தேய்த்துக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்தார்.

"இந்த அம்பெல்லாம் யார் வருகிற வழி?"

"காற்று வருகிற வழி, சேர்" என்றார் மிஸ், சிங்களத்தில்.

"காற்றுக்கு எதற்குப் படம்?"

"வீட்டைத் திருத்த முதல் பார்க்க வேணும், சேர்."

"நான் இந்த வேலையில் எவ்வளவோ பொய் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்று கேட்டதில்லை" என்றார் இன்ஸ்பெக்டர். திட்டுவது போலவே இல்லை. களைத்துப்போய்ச் சொன்னார். "நாலு மணிக்குக் கொழும்புக்கு வாகனம் போகும். அந்த டீச்சர் அதற்குள் வந்து இது உண்மை என்று சொன்னால் பார்ப்போம். வராவிட்டால் அங்கே போய்க் காற்றைப் பற்றிச் சொல்லுங்கள்."

கொழும்புக்கு ஏற்றினால் என்ன என்று அப்போது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போனவர்கள் எப்போது வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. டீச்சரைத் தேடிப் பேராதனைக்கு ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினார்கள். மிஸ்ஸை மேசைக்கு எதிரே கிடந்த மர வாங்கில் உட்காரவைத்தார்கள். என்னைக் கம்பிக்குள்ளே போட்டார்கள்.

உள்ளே ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தார். புசல்லாவைப் பக்கத்துத் தையல்காரர். சட்டைக்குப் பொத்தான் வாங்கக் கண்டிக்கு வந்தவர். அடையாள அட்டை வீட்டில் வேறொரு சட்டையின் பையில் இருந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் பை தைக்கிறேன் அண்ணே. எம் பையில ஒண்ணும் இல்ல" என்றார். சொல்லிவிட்டு இருமினார். இருமல் சும்மா இருமல் இல்லை. உள்ளே யாரோ தகரத்தை இழுப்பது போல. மூலையில் கொசுவை விரட்ட நுளம்புத்திரி எரிந்தது. அந்தப் புகையும் ஈர வாடையும் சேர்ந்து கண்ணைக் கரித்தன.

"வீட்டுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"யாரு சொல்றது? கடைக்குப் போனவரு அப்பிடியே ஓடிட்டாருன்னு நெனச்சிருப்பா."

வீடு எங்கே என்று கேட்டு வைத்துக்கொண்டேன். அப்போது கம்பிக்கு வெளியே இருந்து மிஸ்ஸின் குரல்.

"பாஸ், அங்க பாரும்."

காப்பாற்ற யாராவது வந்துவிட்டார்களாக்கும் என்று திரும்பினேன். வயர்லெஸ் பெட்டியின் மேல் ஒரு கறுப்புப் பூனை சுருண்டு கிடந்தது.

"இந்தக் கட்டிடத்தில சூடு நிக்கிற இடம் அது ஒண்டுதான். மற்றதெல்லாம் ஈரம்." பிறகு என் தலைக்கு மேலே பார்த்தார். "உமக்கு மேல, அந்தத் துவாரத்தை ஏன் பலகை போட்டு அடைச்சிருக்கு?"

"மிஸ், நாமளே அடைபட்டுக் கெடக்கோம். ஓட்டை அடைபட்டத இப்பத்தானா கேக்கணும்?"

"இப்ப கேக்காட்டி எப்ப கேக்கிறது? இப்பதானே உள்ளுக்க ஆள் இருக்கு."

தையல்காரர் என் காதில், "இந்த அம்மா யாருண்ணே?" என்றார். "எங்க மிஸ்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

மூன்றரைக்குப் பிறகு டீச்சர் வந்தார். சின்ன உருவம், பெரிய கைப்பை. வந்ததும் இன்ஸ்பெக்டரிடம், "என் வீடு, என் சாம்பிராணி, நான் கூப்பிட்ட ஆட்கள்" என்றார். பிறகு கம்பிக்குக் கிட்ட வந்து என்னைப் பார்த்து, "சீலிங்கை யார் உடைத்தது?" என்றார். அந்த நேரம் எனக்குக் கம்பிக்குள்ளேயே இருப்பது நல்லது போலத் தோன்றியது.

இன்ஸ்பெக்டர் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, "சரி, போங்கள்" என்றார். மிஸ்ஸின் பையையும் என் சாமான் பையையும் திருப்பிக் கொடுத்தார்கள். கதவைத் திறந்ததும் நான் ஒரே ஓட்டமாக வாசலுக்குப் போய்விட்டேன். முற்றத்தில் கொழும்பு வாகனம் ஸ்டார்ட் ஆகி நின்றது. திரும்பிப் பார்த்தால் மிஸ் வரவில்லை. மேசைக்கு முன்னால் அப்படியே நிற்கிறார்.

"சேர், போறதுக்கு முதல் ஒன்று. அந்தப் பலகையை எடுக்க வேணும்."

"எந்தப் பலகை?"

"உள்ளே இருக்கிற ஆளின் தலைக்கு மேலே."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மே, உங்களுக்குப் போக விருப்பமா, இல்லையா?"

வெளியே வாகனக்காரன் ஹோன் அடித்தான்.  கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காய், மாதாவுக்கு மெழுகுதிரி, மலைக்கோயில் முனிக்குச் சுருட்டு என்று எல்லாருக்கும் ஒரே மூச்சில் நேர்ந்துகொண்டேன்.

மிஸ் பையிலிருந்து ஊதுபத்தியை எடுத்தார். கொளுத்திக் கம்பிக்குக் கிட்டப் பிடித்தார். புகை உள்ளே போனது. மேலே ஏறியது. பலகையில் முட்டியது. வழியில்லாமல் அங்கேயே சுற்றியது. பிறகு மெதுவாகக் கம்பி வழியாகவே வெளியே வந்து, இன்ஸ்பெக்டரின் மேசைப் பக்கம் இறங்கியது.

"அவர் இருமுகிற காற்றைத்தான் நீங்களும் குடிக்கிறீர்கள், சேர்" என்றார் மிஸ். குரலை உயர்த்தவில்லை. முதலாளி வீட்டில் பின்கதவைப் பற்றிச் சொன்ன அதே குரல்.

உள்ளே தையல்காரர் இருமினார். இன்ஸ்பெக்டர் மேசைக்கு வந்த புகையைக் கையால் விலக்கினார். பிறகு கழுத்தைத் தேய்த்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "அதைக் கழற்று" என்றார்.

பக்கத்தில் நின்ற சார்ஜன்ட் ஐயா தேடினார். நிலையத்தில் துவக்கு இருந்தது, லத்தி இருந்தது, ஆணி பிடுங்குகிற சுத்தியல் இருக்கவில்லை. எல்லாரும் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்கள். நான் என் சாமான் பையைப் பார்த்தேன்.

பொலிஸ் நிலையத்தில் கம்பிக்குள்ளிருந்து வெளியே வந்த ஆள், சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு தானாகவே திரும்ப உள்ளே போனதாக வேறெங்கும் நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நான் போனேன். துவாரம் உயரத்தில். ஏற ஒன்றும் இல்லை. தையல்காரர் குந்தினார்.

"ஏறுங்கண்ணே. ஆனா பாத்து. இது தையக்காரன் தோளு, கல்லு சொமக்குற தோளு இல்ல."

"நானும் பாஸ்தான், பேருக்கு. பெரிய கனம் இல்ல" என்றேன். பொய். அவர் முனகிக்கொண்டே எழும்பினார். நாலு ஆணி. கடைசி ஆணி வந்ததும் பலகை விழுந்தது. சதுரமாக ஒரு வெளிச்சம் சுவரில் இறங்கி, தையல்காரரின் தலையில் நின்றது. அவர் என்னை இறக்கிவிட்டு, முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்து, மூச்சை இழுத்தார். இருமவில்லை.

மிஸ் ஊதுபத்தியை மறுபடி பிடித்தார். இந்த முறை புகை தடுமாறவில்லை. உள்ளே போய், ஏறி, துவாரத்தால் வெளியே போனது. நாங்கள் எல்லாரும், சார்ஜன்ட் உட்பட, அது போவதைப் பார்த்தோம். தையல்காரரும் பார்த்தார்.

"பொகைக்கு மட்டும் ரிலீஸ் குடுத்துட்டாங்க அண்ணே" என்றார்.

பகிடி சொல்கிற தொழில் என்னுடையது. அதையும் அந்த மனுஷன் அன்றைக்கு எடுத்துக்கொண்டார். கதவை மறுபடி பூட்டினார்கள். அவர் உள்ளே, நான் வெளியே. நாலு மணி வாகனம் அவரையும் ஏற்றாமல் போனது. அட்டை வருமா என்று நாளை மாலை வரை பார்ப்போம், வராவிட்டால் நாளைய வாகனம் என்று சார்ஜன்ட் சொன்னார்.

வாசலில் டீச்சருக்கு நன்றி சொல்லிவிட்டு, நான் நேரே ஹந்தானைக்கு ஓடிப் பாயில் விழுகிற நினைப்பில் இருந்தேன். மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"புசல்லாவை பஸ் எங்க நிக்கும் பாஸ்?"

"மிஸ், இன்னைக்கே போகணுமா?"

"அட்டை வீட்டில. ஆள் இங்க. இடையில ஆரும் இல்லை. நடவும்."

வழியில் இரண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறினோம். ஒவ்வொரு முறையும் மிஸ்ஸின் அட்டையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்கள். ஒருவன் பையைக் கவிழ்த்து ஊதுபத்தியை மோந்து பார்த்தான்.  பொழுது சாய்கிற நேரம் தோட்டத்துக்குள் இறங்கி, லயத்தைக் கண்டுபிடித்தோம். தையல்காரரின் மனைவி வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, பயப்படாத" என்றேன். "ஒன் வீட்டுக்காரர் கண்டி பொலிசுல இருக்காரு. நல்லா இருக்காரு. ஓடிப் போகல. இன்னைக்கு அவரு தோளு மேலதான் நான் நின்னேன்."

அந்தப் பெண்பிள்ளை அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டது. பிறகு உள்ளே ஓடி, கொடியில் கிடந்த நீலச் சட்டையைக் கொண்டுவந்தது. பையில் அட்டை இருந்தது.

"இதைக் கவனமா வைச்சிருங்கோ பிள்ளை" என்றார் மிஸ். "விடிய முதல் பஸ்ஸில போங்கோ. தனியப் போகாதைங்கோ. கிராமசேவகரையும் கூட்டிக்கொண்டு போங்கோ. அட்டையை இன்ஸ்பெக்டரின்ர கையிலயே குடுங்கோ." மூன்று தரம் சொல்லி, அதை அவளைக் கொண்டும் ஒரு தரம் சொல்லவைத்தார்.

அவள் அழுதுகொண்டே தேயிலை போட அடுப்பை மூட்டினாள். ஈர விறகு. ஒற்றை அறை நிறையப் புகை. மிஸ்ஸின் கண் மெல்ல மெல்லக் கூரைக்குப் போனதை நான் பார்த்துவிட்டேன். என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"வேணாம் மிஸ்" என்றேன் காதோரம். "இன்னைக்கு ஒரு நாள் வேணாம்."

கேட்டுவிட்டார். ஆனால் மெதுவாக.

"பிள்ளை, உங்கட வீட்டில பூனை எங்க படுக்கிறது?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு யன்னல் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே தையல் மிஷின். மிஷினுக்கு முன்னால் ஒரு முக்காலி. முக்காலியில் பழந்துணி மெத்தை. மெத்தையில் ஒரு செம்பூனை.

"அவரு ஒக்கார்ற எடம்மா. எப்பவும் அடுப்படியிலதான் கெடக்கும். அவரு போனதுலேருந்து அதுல ஏறிக்கிட்டு எறங்கவே மாட்டேங்குது."

மிஸ் எழும்பிப் போனார். யன்னலால் சில்லென்று காற்று வந்தது. பூனை படுக்கிற இடமே இல்லை அது. அவர் அதைக் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. குனிந்து, பூனைக்குக் கீழே மெத்தையில் கையை நுழைத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"இடம் சூடாத்தான் இருக்கு" என்றார். "ஆள் வந்திடுவார் பிள்ளை."

வந்தார். மறுநாளே வந்தார். அடுத்த தீபாவளிக்கு எனக்கு ஒரு காற்சட்டையும் தைத்துத் தந்தார். அதில் தேவைக்கு அதிகமாகவே பை வைத்திருந்தார். ஆனால் அன்றைக்குப் பொழுதுபட்ட நேரம் அவர் வருவார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

பஸ் ரோட்டுக்கு ஏறி வருகிறபோது என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"மிஸ், அது எப்படிங்க தெரியும்? ஊதுபத்திகூடக் கொளுத்திப் பாக்கலியே?"

மிஸ் நின்றார். குடையை விரித்தார். மழை இருக்கவில்லை. பையைத் துழாவினார்.

"பிஸ்கட் இருக்கு. சாப்பிடும்" என்றார்.